மெஷின் சொன்ன ஆயுள்

திண்டிவனம்
8-4-1984

அன்புத் தம்பி வேங்கடேசனுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் இருக்கிறோம். நீயும் தேவகியும் அந்தக் குளிரில் நல்லபடியாக இருக்க வேண்டும்.

மூன்று கடிதமாக நீ கேட்டுக்கொண்டிருக்கிறாய், நானும் மழுப்பிக்கொண்டிருக்கிறேன். இனிமேல் மறைத்துப் பிரயோசனமில்லை. கூடப்பிறந்த தம்பிக்கு எழுதக் கூச்சமான இடத்தில் உடம்பு கெட்டிருக்கிறது. கர்ப்பப்பை வாயில் கட்டி. எலுமிச்சங்காய் அளவு என்று டாக்டரம்மா கையை மடக்கிக் காட்டினார். போன மாதக் கடைசியிலிருந்து சென்னையில் கரண்ட் வைக்கிறார்கள். மொத்தம் ஏழு வாரம். திங்கள் முதல் வெள்ளி வரை உன் மாமாவின் சித்தி வீட்டில் தங்கல், வெள்ளி சாயங்காலம் பஸ் ஏறி வீடு. சத்துணவுக்கூடத்தை ஆயா ஜெயம் பார்த்துக்கொள்கிறாள். நான் இல்லாமல் பருப்பு நன்றாக வேகிறதாம், பிள்ளைகள் சொல்கின்றன.

நீ சீமையில் செய்கிற ஆராய்ச்சியே இந்தக் கரண்ட் சங்கதிதான் என்று என் பெண் தையல்நாயகி சொல்லித்தான் எனக்குத் தெரியும். என்னிடம் ஏதோ கம்ப்யூட்டர் என்றுதானே சொன்னாய்? "தம்பி அங்க கட்டிக்குக் கணக்குப் போட்டுக்கினு கெடக்கறான், அக்காளுக்கு இங்க கட்டி வந்திருக்குது, பொருத்தம் பாரு" என்றேன். உன் மாமா சாப்பிடாமல் எழுந்து மண்டிக்குப் போய்விட்டார். அவருக்கு என் கிண்டல் என்றைக்குப் புரிந்தது?

தையல் விழுப்புரம் கல்லூரியில் இரண்டாம் வருஷப் பரீட்சைக்குப் படிக்கிறாள். காலை பாசஞ்சரில் ஏறினால் ரயில் முழுக்கக் கணக்கு நோட்டுதான். பி.எஸ்ஸி. முடித்து எம்.எஸ்ஸி.யும் படிக்க வேண்டுமாம். எல்லாம் உன்னைப் பார்த்து வந்த புத்தி.

ஒரு ஆசை. உன் மெஷினில் என்னையும் போட்டுப் பார்.

இப்படிக்கு
உன் அக்கா
கிருஷ்ணவேணி


லீட்ஸ்
17-4-1984

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை ஆய்வுக்கூட மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். எழுந்து அறைக்குப் போக முடியவில்லை. இத்தனை நாள் என்னிடம் மறைத்ததற்கு உன்னோடு சண்டை போட வேண்டும், இப்போது மனமில்லை.

நான் செய்வதைச் சொல்கிறேன், பொறுமையாகப் படி. ஒவ்வொரு முறை கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்கும்போதும் கட்டியில் இருக்கிற உயிரணுக்களில் ஒரு பங்கு சாகிறது. எல்லாம் சாவதில்லை. மிச்சமிருப்பது அடுத்த முறைக்குள் மறுபடி பெருகப் பார்க்கிறது. கழனியில் களை எடுப்பது மாதிரிதான். விடாமல் எடுத்தால் பயிர் தப்பும். பாதியில் விட்டால் மிச்சமிருக்கும் களை முன்னைவிட வேகமாக ஏறும். எவ்வளவு சாகிறது, எவ்வளவு பெருகுகிறது என்பதைக் கணக்காக எழுதிக் கம்ப்யூட்டரிடம் கொடுக்கிறேன். ராத்திரி கொடுத்தால் காலையில் தாளில் அடித்து வரும். அவ்வளவுதான் என் உத்தியோகம்.

அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இடையில் நிறுத்தாதே. வாந்தி, எரிச்சல், யார் வீட்டுக் கல்யாணம், கருமாதி, எதற்காகவும் நிறுத்தாதே. விட்டுப்போகும் ஒவ்வொரு நாளுக்கும் கட்டி வட்டி வாங்கும்.

உன்னை மெஷினில் போடச் சொல்கிறாய். அது விளையாட்டுச் சாமான் இல்லை அக்கா. மாட்டேன்.

உன் தம்பி
வேங்கடேசன்


காணை
24-4-1984

அன்புத் தம்பிக்கு,

ஊரிலிருந்து எழுதுகிறேன். உன் கடிதம் ஏதாவது வந்திருந்தால் அது திண்டிவனத்தில் கிடக்கும்.

திரௌபதியம்மன் திருவிழாவுக்கு அடுத்த வாரம்தான் காப்பு என்று நினைத்திருந்தேன். கூத்து ஆடுகிற ஜமாவுக்கு வேறு தேதி கிடைக்கவில்லையாம், ஒரு வாரம் முன்னால் இழுத்துவிட்டார்கள். நான் தெரியாமல் வெள்ளிக்கிழமை சென்னையிலிருந்து நேரே இங்கே வந்து, கோயிலில் ஒரு தேங்காய் உடைத்துவிட்டுக் காலையில் திண்டிவனம் போகலாம் என்று படுத்தேன். அன்று ராத்திரியே காப்பு கட்டிவிட்டார்கள்.

காலையில் பையைத் தூக்கினபோது பூசாரி சக்கரபாணி எதிரே வந்தார். "காப்பு கட்ன ராத்திரி ஊர்ல படுத்துட்டம்மா. தீமிதி முடியற வரைக்கும் வெளியூர்ல படுக்கக்கூடாது. அப்புறம் உன் இஷ்டம்" என்றார். அவர் அதட்டவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். நான் பையைக் கீழே வைத்துவிட்டேன்.

விடிகாலை போய் ராத்திரி திரும்பிவிடலாம் என்று உன் மாமா சொன்னார். இந்த உடம்போடு தினமும் சென்னைக்குப் போய் வந்தால் கட்டிக்கு முன்னால் பஸ்ஸே என்னைக் கொன்றுவிடும். மூன்று வாரம்தானே. தீமிதி முடிந்த மறு திங்கள் போய் மிச்சத்தை வைத்துக்கொள்கிறேன்.

பயமில்லை என்று சொன்னால் பொய். ஆனால் இந்த நேரத்தில் அம்மனைப் பகைத்துக்கொள்ள எனக்குத் தைரியம் வரவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

உன் அக்கா
கிருஷ்ணவேணி


லீட்ஸ்
5-5-1984

அக்காவுக்கு,

நேற்று தந்தி கொடுத்தேன், கிடைத்திருக்கும். 'உடனே ஆஸ்பத்திரிக்குப் போ' என்பதற்கு மேல் தந்தியில் என்ன எழுத முடியும்?

எனக்குக் கோபம் வருகிறது, மறைக்கப் போவதில்லை. படித்த பெண், சத்துணவு அமைப்பாளர், நூறு பிள்ளைகளுக்குப் பொறுப்பு. ஒரு பூசாரி மெதுவாகச் சொன்னாராம், நீ உட்கார்ந்துவிட்டாயாம். மாமா என்ன செய்துகொண்டிருந்தார்? இங்கே மூன்று வருஷமாக நான் போட்ட கணக்கெல்லாம் ஒன்றைத்தான் சொல்கிறது, இடைவெளி விடாதே என்று. உலகத்தில் இதைக் கேட்க வேண்டியவள் ஒருத்தி, அவள்தான் கேட்கவில்லை.

இந்தக் கடிதம் வருவதற்குள் தீமிதி முடிந்திருக்கும். அது தெரிந்தேதான் எழுதுகிறேன். வேறென்ன செய்வது?

வேங்கடேசன்


திண்டிவனம்
6-6-1984

அன்புத் தம்பிக்கு,

உன் தந்தி வந்தது. தந்திக்காரர் வீட்டைத் தேடி ஊருக்கே வந்துவிட்டார். யாரோ செத்துவிட்டார்கள் என்று பந்தலில் அழுகையே ஆரம்பமாகிவிட்டது. படித்துப் பார்த்தால் நான்தான் இன்னும் சாகவில்லை. கடிதமும் பின்னாலேயே வந்தது. அதை ஒருமுறைதான் படித்தேன், இரண்டாம் முறை எடுக்கவில்லை.

தீமிதி முடிந்து திங்கட்கிழமையே சென்னைக்குப் போனேன். டாக்டரம்மா உன் அளவுக்கே திட்டினார். பிறகு மிச்சத்தை ஒரு நாள் விடாமல் வைத்தார்கள். போன வெள்ளியோடு முடிந்தது. பொறுத்துப் பார்ப்போம் என்றார். கேட்டால் முகத்தைப் பார்க்காமல் பேசுகிறார்.

இப்போது நான் கேட்பது விளையாட்டில்லை, வேங்கடேசு. விழுப்புரத்திலிருந்து தையலுக்கு ஒரு இடம் வந்திருக்கிறது. பையன் ரயில்வேயில் குமாஸ்தா, பெயர் சுப்பராயலு. நல்ல குடும்பம். ஆவணியில் முடிக்க வேண்டும் என்கிறார்கள், ஒரு வருஷம் காத்திருக்கமாட்டார்கள்.

நான் பிழைப்பேன் என்றால் இந்த இடம் போகட்டும், பெண் படித்து முடிக்கட்டும். நான் போய்விடுவேன் என்றால் விடமாட்டேன். ஏன் என்று உனக்குத் தெரியும். உன் மாமா பசு. அவருடைய அண்ணன் விருத்தாசலம் இப்போதே என் காதுபடச் சொல்லிக்கொண்டிருக்கிறார், பெண்டாட்டி செத்த தன் மச்சானுக்குத் தையல் பொருத்தமாக இருப்பாள் என்று. இரண்டு பிள்ளைகளோடு இருக்கிற ஆள், அவளைவிடப் பதினைந்து வயது பெரியவன். நான் இருக்கிறவரைதான் அவர் வாய் அடங்கும்.

ஆஸ்பத்திரிச் சீட்டில் இருந்ததையெல்லாம் தையல் ஆங்கிலத்தில் தனித்தாளில் எழுதி இந்த உறைக்குள் வைத்திருக்கிறாள். எந்தெந்தத் தேதி, எவ்வளவு கரண்ட், எல்லாம் இருக்கிறது. போட்டுப் பார்த்துச் சொல்.

அக்கா


லீட்ஸ்
17-6-1984

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் என் போன கடிதத்துக்காக வருந்துகிறேன். கோபத்தில் கை ஓடிவிட்டது.

நீ கேட்பது என்னால் முடியாதது. என் கணக்கு ஆயிரம் பேரைப் பற்றிச் சொல்லும், ஒரு கிருஷ்ணவேணியைப் பற்றிச் சொல்லாது. ஆயிரம் பேரில் இத்தனை பேருக்குக் கட்டி திரும்பும் என்றால், நீ அதில் எந்தப் பக்கம் என்று யாராலும் சொல்ல முடியாது. இதை நம்பி ஒரு பெண்ணின் படிப்பை நிறுத்துவதா? தையல் எனக்கு எழுதும் கடிதங்களைப் பார்க்கிறேன். என் கணக்கில் ஒரு பிழையைக்கூடக் கண்டுபிடித்து எழுதியிருந்தாள். அவள் படிக்க வேண்டியவள்.

உடம்பைத் தேற்று. கேப்பைக்கூழும் கீரையும் சாப்பிடு. கல்யாணப் பேச்சைத் தள்ளிப் போடு.

உன் தம்பி
வேங்கடேசன்


திண்டிவனம்
29-6-1984

தம்பி வேங்கடேசனுக்கு,

நான் கேட்டது கேள்வி. நீ எழுதியிருப்பது சமாதானம்.

அவள் படிக்க வேண்டியவள் என்று எனக்கு நீ சொல்ல வேண்டுமா? அந்தக் குமாஸ்தா வீட்டுக்கு போன வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஆடி பிறக்கட்டும் என்று உன் பதிலுக்காகத் தவணை கேட்டிருக்கிறேன். நீ போட்டுப் பார்த்திருப்பாய், எனக்குத் தெரியும். தாளை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஆளா நீ? போட்டதைச் சொல்.

அக்கா


லீட்ஸ்
10-7-1984

அன்புள்ள அக்காவுக்கு,

போட்டேன். தாள் வந்த அன்றே போட்டேன். ஒருமுறை இல்லை, எண்களை மாற்றி மாற்றி ஒரு வாரம் போட்டேன். நல்ல பதிலாக ஒன்று வந்துவிடாதா என்றுதான்.

மூன்று வார இடைவெளியில் கட்டி இழந்ததில் பெரும்பகுதியைத் திரும்பப் பிடித்துவிடுகிறது. பின்னால் வைத்த கரண்ட் போதவில்லை. தை வரைக்கும் நடமாட்டத்துக்குக் குறைவிருக்காது. பிறகு திரும்பும். அடுத்த வருஷ ஆவணியை நீ பார்ப்பது அரிது. எந்த எண்ணை மாற்றினாலும் ஒன்றிரண்டு மாதம்தான் முன்னே பின்னே போகிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கட்டியை எதிர்க்க உடம்புக்குள்ளேயே ஒரு காவல் இருக்கிறது, இரத்தத்தில் இருக்கிற வெள்ளை அணுக்கள். கரண்ட் அவற்றையும் கொல்கிறது. மிச்சமிருப்பவை எவ்வளவு வேலை செய்யும் என்பதற்கு எலியில் எடுத்த அளவுகள்தான் கையில் இருக்கின்றன, மனிதருக்கு இல்லை. அதைச் சேர்த்தால் எங்கள் கம்ப்யூட்டரும் திணறுகிறது. அதனால் அந்தக் காவலை ஒன்றுமில்லை என்று வைத்துத்தான் கணக்குப் போட்டிருக்கிறேன். எங்கள் துறையில் பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். சேர்த்தாலும் பெரிதாக மாறாது என்றுதான் நினைக்கிறேன்.

நீ கேட்டாய், சொல்லிவிட்டேன். என்னை மன்னித்துக்கொள் அக்கா.

வேங்கடேசன்


திண்டிவனம்
9-9-1984

அன்புத் தம்பிக்கு,

ஆவணி முகூர்த்தத்தில் தையல் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. விழுப்புரத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பக்கத்து மண்டபத்தில்தான். நீ வர முடியாததால் தாய்மாமன் செய்ய வேண்டியதையெல்லாம் உன் இடத்தில் நின்று நம் சித்தப்பா மகன் நடராசன் செய்தான். மாலையை அவன் திருப்பிப் போட்டதைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். விருத்தாசலம் சாப்பாடு முடியும்வரை வாயைத் திறக்கவில்லை, அதுவே எனக்குக் கல்யாணச் சாப்பாடு.

உன் கடிதத்தை நான் தையலிடம் மறைக்கவில்லை. என்ன சொல்லியிருக்கிறாய் என்று அப்படியே சொன்னேன். கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். "மாமாவே சொல்லிட்டாரா?" என்றாள். ஆமாம் என்றேன். துணியைப் பிழிந்து உதறிக் கொடியில் போட்டுவிட்டு, "சரின்னு சொல்லிடும்மா. நீ கண்ணால பார்த்துட்டுப் போ" என்றாள். அழவில்லை. அவள் அழுதிருந்தால் நான் ஒருவேளை மாறியிருப்பேன்.

மூன்றாம் வருஷத்தையும் முடிக்க விடுவோம் என்று அவர்கள் வாயால்தான் சொல்லியிருக்கிறார்கள். பார்க்கலாம்.

நீ உன்னை நொந்துகொள்ளாதே. உண்மையைச் சொன்னாய். எனக்கு மனசு லேசாக இருக்கிறது. இனி வருவது வரட்டும்.

உன் அக்கா
கிருஷ்ணவேணி


திண்டிவனம்
3-11-1985

அன்புத் தம்பிக்கு,

நீ கேட்கத் தயங்குகிறாய், நானே சொல்கிறேன். ஆவணி வந்தது, போனது. நான் இருக்கிறேன். போன வாரம் டாக்டரம்மா உள்ளே பார்த்துவிட்டு, கட்டி இருந்த இடமே தெரியவில்லை என்றார். இன்னொரு டாக்டரையும் கூப்பிட்டுக் காட்டினார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

தையலுக்கு ஏழாம் மாதம். கல்லூரிக்கு அவள் திரும்பப் போகவில்லை.

அக்கா


லீட்ஸ்
15-2-1987

என் அன்புள்ள அக்காவுக்கு,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை, அவ்வளவு சந்தோஷம். ஒரு வருஷமாக நான் உன்னைத்தான் ஆராய்ந்துகொண்டிருக்கிறேன். நான் ஒன்றுமில்லை என்று தள்ளிய அந்தக் காவலைக் கணக்கில் சேர்த்தேன். இப்போது மனிதர்களிடம் எடுத்த அளவுகள் கொஞ்சம் கிடைக்கின்றன, கம்ப்யூட்டரும் பெரிது. உன் தேதிகளைப் போட்டால், அக்கா, கட்டி திரும்பவில்லை! கரண்டில் செத்த அணுக்களைப் பார்த்து உன் உடம்பு எதிரியை அடையாளம் கண்டிருக்கிறது. வெள்ளை அணுக்கள் மறுபடி தலையெடுத்து மிச்சத்தைத் துரத்தியிருக்கின்றன. அந்த மூன்று வாரம்கூட அவற்றுக்கு உதவியிருக்கலாம். இது என் ஊகம்தான். ஒருவரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, இடையில் நிறுத்தலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளவும் கூடாது. அதையும் கட்டுரையில் எழுதுவேன்.

இவ்வளவு சந்தோஷமான தவறை நான் என் வாழ்க்கையில் செய்ததில்லை.

உன்னிடம் இரண்டு உதவி கேட்கிறேன். ஆஸ்பத்திரி ஃபைலின் நகலைக் கேட்டு ஒரு கையெழுத்துப் போடு. அடுத்த மாதம் சென்னையில் என் நண்பர் ஒருவர் உன் இரத்தம் எடுக்க வருவார், கொடு. உன் பெயர் வராது. திண்டிவனம் வட்டாரத்தைச் சேர்ந்த நாற்பத்தொரு வயதுப் பெண், மூன்று வார இடைவெளி, நோய் திரும்பவில்லை, அவ்வளவுதான் இருக்கும். எங்கள் துறையில் இது பெரிய விஷயமாகும்.

தையல் நலமா? அவளுக்கும் கட்டுரையை அனுப்புகிறேன்.

உன் தம்பி
வேங்கடேசன்


திண்டிவனம்
8-3-1987

அன்புத் தம்பி வேங்கடேசனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ எழுதினது எல்லாம் எனக்குப் புரியவில்லை, உன் சந்தோஷம் புரிந்தது. எனக்கும் சந்தோஷம்தான். சாவதற்கு யாருக்கு ஆசை?

ஒன்று சொல்கிறேன், கோபமாக எழுதுவதாக நினைத்துக்கொள்ளாதே. டாக்டரம்மா ஒன்றுமில்லை என்று சொன்ன அன்றைக்கு நான் வீட்டுக்குப் போகாமல் நேரே விழுப்புரம் போனேன். பூவும் பழமும் வாங்கிக்கொண்டு போய்த் தையலிடம் சொன்னேன். கட்டிப்பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துக் குழம்பைக் கிளறிக்கொண்டே கேட்டாள், "அப்டீனா எதுக்கும்மா அவ்ளோ ஜல்தி பண்ணிக்கினு என்னைத் தாட்டிவுட்ட?" ஒரே ஒருமுறைதான் கேட்டாள். அதற்குப் பிறகு என்னோடு அளந்துதான் பேசினாள். போனால் சாப்பாடு போடுவாள். எப்போது பஸ் என்று கேட்பாள். மாப்பிள்ளை நல்லவர்தான். குடிக்க மாட்டார், அடிக்க மாட்டார், படிக்கவும் விடமாட்டார். காலையில் கல்லூரிப் பெண்கள் ஸ்டேஷனிலிருந்து அவர்கள் தெரு வழியாகத்தான் நடந்து போகிறார்கள். அந்த நேரத்துக்கு அவள் வாசலுக்கே வருவதில்லை.

போன கார்த்திகையில் அவள் வீட்டுப் பின்கட்டில் வழுக்கி இடுப்பில் பிடித்துக்கொண்டது. வலி தாங்காமல் முனகினேன். தையல் ஓடிவந்தாள். முகமெல்லாம் வெளுத்துவிட்டது. "அந்த வலியாம்மா?" என்று கேட்டாள். விழுந்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. ஆமாம் என்றேன். அன்று சாயங்காலம் முழுக்க என் காலைப் பிடித்துவிட்டாள். கல்யாணத்தன்று அழாதவள் அன்று அழுதாள். போகிறபோது பஸ் ஸ்டாண்டு வரை குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

அன்றிலிருந்து நான் சீக்காளி. விழுப்புரத்தில் மட்டும். அங்கே போனால் மெதுவாகத்தான் நடக்கிறேன், வெல்லப்பாகில் பிடித்த மல்லாட்டை உருண்டை கொடுத்தால் ஒத்துக்கொள்ளாது என்கிறேன். வாரம் தவறாமல் எனக்குக் கடிதம் போடுகிறாள். அம்மாவுக்காகத்தான் படிப்பை விட்டோம், அது வீணாகப் போகவில்லை என்று அவளுக்கு ஒரு பிடிமானம். அதை அவளிடமிருந்து பிடுங்க எனக்கு மனசு வரவில்லை.

நீ அனுப்புகிற கட்டுரை ஒன்று விடாமல் அவள் படிக்கிறாள். திண்டிவனம் என்று போடு, போடாமல் விடு, நாற்பத்தொரு வயதும் மூன்று வாரமும் போதும் அவளுக்கு. உனக்கு என் தேதிகளை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தவளே அவள்தான். ஆகையால் ஃபைலில் கையெழுத்துப் போடமாட்டேன், இரத்தமும் கொடுக்கமாட்டேன். உன் நண்பரை அனுப்பாதே, வந்தால் நான் வீட்டில் இருக்கமாட்டேன். உனக்கு இது எவ்வளவு பெரிய நஷ்டம் என்று தெரிந்துதான் சொல்கிறேன். அன்றைக்கு நான் கேட்டதை நீ கொடுத்தாய். இதையும் கொடு.

நீ சொன்னது பொய்யில்லை. நம்பினதும் தப்பில்லை. குறை சொல்லக்கூட எனக்கு ஆளில்லை, அதுதான் கஷ்டம்.

அவளுக்குக் கடிதம் எழுதினால், அம்மாவுக்கு உள்ளே இன்னும் இருக்கிறது, நன்றாகப் பார்த்துக்கொள், அதிக நாள் இருக்கமாட்டாள் என்று எழுது. நீ எழுதினால் அவள் நம்புவாள்.

இப்படிக்கு
அக்கா
கிருஷ்ணவேணி